மலைப்படியில் ஒரு காலண்டர்

"வாக்கிங் போங்கம்மா" என்று டாக்டர் சொன்னால் தலையாட்டி விட்டு வருகிறோம். நாலு நாள் போவோம். ஐந்தாம் நாள் பால்காரர் லேட், மழைத்தூறல் என்று ஏதாவது வந்து நின்று விடும். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே தெருவில் நடந்தால் யாருக்குத்தான் அலுக்காது?

எனக்கு இரண்டாவது பிரசவ சமயத்தில் சர்க்கரை வந்து, குழந்தை பிறந்ததும் இறங்கி விட்டது. அப்படி வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகவே வர வாய்ப்பு அதிகமாம். "ரத்தப் பரிசோதனையை விடாதீங்க, நடையையும் விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. மாமியாரோ, "விடிஞ்சதிலிருந்து வீட்டு வேலை செய்யறியே, அது போதாதா?" என்றார். அடுப்படியில் நாள் முழுக்க நின்றால் கால்தான் வலிக்கிறது, சேர்ந்தாற்போல் அரை மணி மூச்சு வாங்குவதில்லையே! வாரத்துக்கு 150 நிமிஷமாவது சுறுசுறுப்பாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள்.

எங்கள் ஊரில் இதற்கு முருகனே வழி வைத்திருக்கிறான். மலைக்கு 365 படிகள், வருஷத்தின் நாள் கணக்கு. "மலைக்குப் போயிட்டு வரேன்" என்றால் எந்த மாமியார் தடுப்பார்? எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து கொண்டோம். முதல் படி ஜனவரி 1 என்று வைத்து எண்ணுவோம். 14-ம் படி பொங்கல், 104 சித்திரை முதல் நாள், 227 சுதந்திர தினம், 359 கிறிஸ்துமஸ். அவரவர் பிறந்த நாள், கல்யாண நாள் படியில் நின்று இளைப்பாறலாம் என்பது எங்கள் சட்டம். எதிர்வீட்டு அக்காவுக்கு 161-ல் கல்யாண நாள். அந்தப் படி வந்ததும் தெலுங்கும் தமிழும் கலந்து கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்து போன கதையை ஆரம்பித்து விடுவார். எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பு வரும். முதல் வாரம் சித்திரையோடு திரும்பினோம். மெல்ல மெல்ல டிசம்பரைத் தொட்டோம்.

நின்று நின்று ஏறினால் பலன் இருக்குமா என்று கேட்பீர்கள். டிசம்பர் 31 படித்திருவிழாவைப் பாருங்கள். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்தது. படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவதில் வயதானவர்களும் களைப்புத் தெரியாமல் மேலே போய் விடுகிறார்கள். தினப்படி நடைக்கு மட்டும் கொஞ்சம் வேகம் வேண்டும். பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான அளவு.

ஏறுவதை விட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். அதனால் மெதுவாக இறங்குங்கள். முட்டி வலி உள்ளவர்கள் படியை விட்டு விட்டு சமதரையிலேயே நடக்கலாம். நெஞ்சு வலி, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். சித்திரை, வைகாசியில் திருத்தணி வெயில் பேப்பரில் வருகிற வெயிலாச்சே, ஆறு மணிக்குள் கிளம்பி விட வேண்டும்.

தினம் பத்தாயிரம் அடி நடக்கணும் என்று பயமுறுத்துகிறார்களே, அது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த கணக்கு. அதைப் பார்த்து மலைக்காதீர்கள். ஓட ஆசை இருந்தால் ஒரு கரண்ட் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். என் பெண் அப்படித்தான் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். புடவைதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, சுடிதாருக்கு மாறி விட்டேன்.

மலை இல்லாத ஊர்த் தோழிகள் ராத்திரி சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரரோடு தெருவைச் சுற்றி வாருங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையை அந்த நடை குறைக்கும். எனக்குப் போன மாதம் எடுத்த பரிசோதனையிலும் சர்க்கரை அளவோடுதான் இருந்தது. ரிசல்ட்டைப் பார்த்த மாமியார், நாளையிலிருந்து 14-ம் படி வரைக்கும் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

- ஒரு வாசகி, திருத்தணி