அரிசி இருந்தது, அடுப்பு எரியவில்லை

எத்தனை கிலோ அரிசி வாங்கி வைக்கலாம் என்றுதான் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பார்கள். அதை எதால் சமைப்பது என்று கேட்டவர்கள் குறைவு. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது, வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருக்கும் என் தங்கையின் மகள் ரெலிபோன் எடுத்தாள். "பெரியம்மா, அரிசி இருக்கு, பருப்பு இருக்கு. காஸ் முடிஞ்சுது. ரைஸ் குக்கருக்குக் கறண்ட் இல்லை. என்ன செய்யிறது?" மாடி வீட்டில் விறகு மூட்டவும் வழியில்லை. அலுமாரியில் ஒரு மாதச் சாமானை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அன்று பிஸ்கற் தின்று படுத்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உணவைப் பாதுகாப்பது பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன், பரீட்சைக்குக் கேள்வியும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தை எனக்குப் படிப்பித்தவர் அம்மா. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் எல்லாம் தடைக்குள் வந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வீட்டுச் சேமிப்பு என்றால் மூட்டைகள் மட்டுமல்ல என்பது அப்போது விளங்கியது. நெருப்பு, தண்ணீர், நிலம் மூன்றும் கணக்கில் வர வேண்டும்.

நெருப்பை முதலில் சொல்கிறேன். அம்மா பருப்பையும் பயற்றையும் இரவே ஊறப் போடுவார். ஊறியது அரைவாசி விறகில் வேகும். சோற்றுப் பானை நன்றாகக் கொதித்துப் பத்து நிமிடம் போனதும் மூடியோடு இறக்கி, வைக்கோல் பரப்பிய கடகத்துக்குள் வைத்து, மேலே சாக்கைப் போட்டு இறுக்கி மூடிவிடுவார். சூடு வெளியே போக வழியில்லாததால் சோறு உள்ளேயே வெந்துவிடும். வெள்ளவத்தையில் வைக்கோலுக்கு எங்கே போவது? தடித்த போர்வை போதும் என்று பெறாமகளுக்குச் சொன்னேன். அவள் பிறகு 5 கிலோ சின்னச் சிலிண்டர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டாள். கரி அடுப்பு வாங்கப்போவதாகச் சொன்னபோதுதான் தடுத்தேன். பூட்டிய அறைக்குள் கரி எரித்தால் வாசனையே இல்லாத நச்சு வாயு வரும், நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

நெருப்பே தேவைப்படாத சாப்பாடு ஒரு பங்கு எப்போதும் இருக்க வேண்டும். அவல், வறுத்த சத்துமா, பொரிவிளாங்காய், பனங்கட்டி, புழுக்கொடியல். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அரிசி மூட்டையைச் சைக்கிளில் கட்டியவர்களுக்கும் சமைக்க இடமில்லை. அம்மா தோளில் போட்டிருந்த துணிப்பையில் இருந்தது புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும். அதைக் கடித்துக்கொண்டுதான் நடந்தோம். பனங்கிழங்கை அவித்துக் கீறி வெயிலில் காய வைத்தால் புழுக்கொடியல். ஈரம் படாமல் வைத்தால் அடுத்த கிழங்குக் காலம் வரை கிடக்கும். அவிக்காமல் காய வைப்பது ஒடியல். அதன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பலமுறை வடித்த பிறகே கூழுக்குப் போட வேண்டும். அந்தக் கயர்ப்பை எடுக்காமல் அவசரப்படக்கூடாது.

தண்ணீருக்கு வருவோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர் என்று வைத்தாலே, நாலு பேருக்கு இரண்டு கிழமைக்கு 224 லீற்றர். மாடி வீட்டில் இதைச் சேர்க்க முடியாது, மூன்று நாளுக்காவது வையுங்கள். எங்கள் ஊரில் கதை வேறு. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கும், மோட்டருக்குக் கறண்ட் இருக்காது. இப்போது புதுக்கிணறு கட்டுகிறவர்கள் மேலே சீமெந்து மூடி போட்டுவிடுகிறார்கள், கப்பி இல்லை, துலாவும் இல்லை. ஒரு கப்பியும் நல்ல கயிறும் வாளியும் சாமான் அறையில் கிடக்கட்டும். அது என்னுடைய பட்டியலில் அரிசிக்கு முன்னால் வரும்.

இனி அரிசி. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 300 கிராம் என்றால் இரண்டு கிழமைக்கு ஏறக்குறைய 17 கிலோ, பருப்பும் பயறும் சேர்த்து 3 கிலோ. இதை ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. சங்கக்கடைத் தட்டைத் துடைத்தெடுத்துக்கொண்டு போகிறவர்களை 2022இலும் பார்த்தேன். பின்னால் நிற்கிற கூலிக்காரரின் அன்றைய கஞ்சியையும் சேர்த்துத்தான் அவர்கள் கொண்டு போகிறார்கள். கஷ்டமில்லாத மாதங்களில் ஒவ்வொரு சாமானிலும் ஒன்று கூடுதலாக வாங்கினால் நாலைந்து மாதத்தில் சேர்ந்துவிடும். புதிதாக வந்தது பின்னுக்கு, பழையது முன்னுக்கு. பக்கற்றில் வாங்கிய மாதத்தைப் பேனையால் எழுதுங்கள். நாளாந்தம் தின்னாத சாமானை வாங்கி அடுக்காதீர்கள், அது வண்டுக்குப் போகும்.

தவிடு போகாத பச்சையரிசி எண்ணெய்ப் பசையால் சீக்கிரம் காறும், புழுங்கல் அரிசி கூடுதலாக நிற்கும். வெயிலில் காய வைத்த தானியத்தைச் சூட்டோடு போத்தலில் மூடுகிறவர்கள் பலர். உள்ளே ஆவி வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, காய்ந்த வேப்பிலை நாலு போட்டு மூடுங்கள். உரிக்காத முற்றிய தேங்காய் மாதக்கணக்கில் கிடக்கும். புளியை உப்புப் போட்டு உருண்டையாக்கி வைக்கலாம். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், பாகற்காய் வற்றல் இருந்தால் வெறும் கஞ்சியும் இறங்கும். வீட்டில் குழந்தையும் நோயாளியும் இருந்தால் பால்மாவும் மருந்தும் இவை எல்லாவற்றுக்கும் முன்னால்.

நிலத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் அந்த லீவு பெற்றோல் வரிசையில்தான் போனது. நட்டவர்களுக்கும் கணக்கு ஒன்று இருந்தது. கீரை 25, 30 நாளில் வந்துவிடும். வெண்டியும் பயற்றையும் ஒன்றரை, இரண்டு மாதம். கத்தரி நாற்று மேடையிலிருந்து சட்டிக்கு வர மூன்று மாதம். ஜூனில் போட்ட கத்தரி காய்க்கும்போது செப்டெம்பர், கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தில் நின்ற மாதம். அப்போது ஒரு கடகம் கத்தரிக்காய் பெரிய விஷயம்தான். ஆனால் ஜூனுக்கும் செப்டெம்பருக்கும் நடுவே வயிறு சும்மா இருந்திருக்காது. அந்த இடைவெளிக்குத்தான் சாமான் அறை. அறை தீரும் இடத்தில் தோட்டம் தொடங்க வேண்டும் என்றால், அறை நிறைந்திருக்கும் காலத்திலேயே நட்டிருக்க வேண்டும்.

மரவள்ளியை எடுங்கள். கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துப் பழுதாகிவிடும். கிண்டாமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் நிற்கும். 1970களில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலத்திலும் பல வீடுகளை அதுதான் தாங்கியது. நட்டால் எட்டுப் பத்து மாதம் ஆகும், ஆகவே எல்லாத் தடியையும் ஒரே நாளில் ஊன்றாமல் மாதத்துக்கு நாலு தடியாக ஊன்றுங்கள். தோலை உரித்து, திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கயர்க்கும் கிழங்கை விட்டுவிடுங்கள், அதில் சயனைட் கூடுதல். வற்றாளங்கிழங்குக்கு நாலு மாதம் போதும், அதன் இளங்கொழுந்தைச் சுண்டலாம். இராசவள்ளிக்கிழங்கு கிண்டிய பிறகும் பல நாள் கிடக்கும். முற்றிய பூசணியைக் காம்போடு வெட்டிக் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் மாதங்கள் போகும்.

வேலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதில் கட்டிய வீடுகளைக் காணும்போது எனக்கு மனது கொஞ்சம் கசக்கும். முன்பு வேலியில் முருங்கை, முசுட்டை, தூதுவளை நின்றன, பூவரசும் வாதராணியும் நின்றன. உரம் வராத தொண்ணூறுகளில் அந்தக் குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள், மாட்டெருவும் போட்டார்கள். மண் பல வருடமாக அதற்குப் பழகியிருந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் மறுபடி திறந்துவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். குழையும் எருவும் நல்லவைதான். ஒரு போகத்துக்குள் அவற்றால் மண்ணைத் திருப்ப முடியாது.

"ரீச்சர், எங்களுக்கு முற்றமே இல்லை, எங்க நடுறது?" என்று கேட்கிறவர்களுக்கு: வாளியில் நெல்லும் கிழங்கும் எடுக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். வயிறு நிறைப்பதை அறையில் வையுங்கள், வாளியில் சத்தை வளருங்கள். பொன்னாங்காணி, பசளி, வல்லாரை, பச்சைமிளகாய், கறிவேப்பிலை. பொன்னாங்காணித் தண்டைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே ஊன்றலாம். எல்லாரும் தக்காளியில்தான் தொடங்குவார்கள். எங்கள் வெக்கைக்கு வெள்ளை ஈ வந்து இலை சுருண்டு, காய்க்கு முன்னால் மனம் விட்டுப்போகும். தக்காளி மூன்றாம் வருடத்துக்கு.

விதையும் சேமிப்புத்தான். ஹைபிரிட் பக்கற்றிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் காய்க்காது, ஊர் விதை ஒன்றிரண்டாவது வைத்திருங்கள். வெண்டியில் நல்ல செடியின் இரண்டு காயைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். பயற்றங்கொட்டையைச் சாம்பலில் பிரட்டிப் போத்தலில் போடுங்கள். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழு எட்டு முளைத்தால் போடலாம். ஐந்துக்குக் கீழே போனால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், போன வருடம் அவர்களுக்கு ஒரு பிடி கொடுத்து வைத்தது அதற்காகத்தானே.