கலங்கிய கடல் தெளிவது எப்படி?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. என் தாத்தா சங்கு குளித்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூத்துக்குடிக் கடலில் எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் மூழ்கிச் சங்கெடுத்தவர். அவருடைய தந்தையாரோ 1961-ஆம் ஆண்டில் இங்கு அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பிலே கடலில் இறங்கியவர். தாத்தாவுக்கு இப்பொழுது காதும் மந்தம், மூச்சும் குறைவு. இனிக் கடலில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாலை வேளைகளில் கடற்கரையில் அமர்ந்து, வ.உ.சி. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களை எண்ணுவதோடு அவருக்கும் கடலுக்கும் உள்ள உறவு நின்றுவிட்டது.

இதைக் கண்டு வருந்திய என் மாமா, வெளியூரிலிருந்து வரும்போது ஒரு வி.ஆர். பெட்டி வாங்கி வந்தார். உள்ளே இரண்டு வில்லைகள் இருக்கும். கைப்பேசியை அதில் செருகித் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மேலே பார்த்தால் மேலே உள்ளது தெரியும், கீழே பார்த்தால் கீழே உள்ளது தெரியும். இணையத்தில் பவளப்பாறைகளைச் சுற்றிலும் படம் பிடித்த காட்சி ஒன்றை ஓடவிட்டு, ஆவலோடு தாத்தாவின் தலையில் மாட்டினோம். ஆச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து நின்றார்கள்.

தாத்தா இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பினார். பிறகு, “ஏளா, என்ன தண்ணி இது? இப்படிக் கலங்கிக் கெடக்கு! இதுல எவன் முங்குவான்?” என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நான் மாட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மையே என்று தெரிந்தது. மீன்கள் எல்லாம் கரைந்த சோப்பைப் போல் இருந்தன. இதே காட்சியைக் கைப்பேசியில் சாதாரணமாகப் பார்த்தபோது எவ்வளவு தெளிவாக இருந்தது! தலையில் மாட்டியதும் ஏன் கலங்க வேண்டும்? எங்கள் அறிவியல் ஆசிரியை சகோதரியிடம் கேட்டேன். “நீயே கணக்குப் போட்டுப் பாரேன்” என்றார்கள். போட்டுப் பார்த்தேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வகுத்தலும் பெருக்கலும் மட்டுமே!

திரையில் காணும் படமெல்லாம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது என்பதை நாம் அறிவோம். நல்ல பார்வையுள்ள ஒருவருடைய கண், ஒரு பாகை அகலத்தில் ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்துக் காணவல்லது. ‘ஃபோர் கே’ எனப்படும் உயர்ந்த தரப் படத்தில் குறுக்கு வாட்டில் 3840 புள்ளிகள் உண்டு. தொலைக்காட்சிப் பெட்டியில் அத்தனை புள்ளிகளும் நம் எதிரேயுள்ள ஒரு சிறு சட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் வி.ஆர். காட்சியிலோ அதே 3840 புள்ளிகள் நம்மைச் சுற்றி 360 பாகைக்கும் பரவ வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஒரு பாகைக்குப் பதினொன்று கூட இல்லை! அறுபது இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. ஒரு வீட்டுக்கு வைத்த குழம்பைத் தெரு முழுவதற்கும் பரிமாறினாற் போலத்தான்.

சரி, அறுபதே கொடுத்துவிட்டால் என்ன? அப்பொழுது குறுக்கே 21,600 புள்ளிகளும் நெடுக்கே 10,800 புள்ளிகளும் வேண்டும். பெருக்கினால் 23 கோடிக்கு மேல் வருகிறது. இது ஒரு ஃபோர் கே படத்தைப் போல் 28 மடங்கு. இது ஒரே ஒரு படத்துக்கு. அசையும் காட்சியில் ஒரு விநாடிக்கு இப்படி முப்பது அல்லது அறுபது படங்கள் ஓட வேண்டும். எந்த வீட்டின் வைஃபை இதைத் தாங்கும்? 2022 அக்டோபர் 1-ஆம் நாள் நம் நாட்டில் 5ஜி தொடங்கியது. வேகம் கூடியது உண்மைதான். ஆயினும் குழாயைப் பெரிதாக்குவதால் மட்டுமே இச்சிக்கல் தீர்ந்துவிடாது என்பது இக்கணக்கிலிருந்தே விளங்குகிறதல்லவா?

இங்கேதான் அறிஞர்கள் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். காட்சி நம்மைச் சுற்றிலும் இருக்கிறது. ஆனால் நாம் ஒரு நேரத்தில் பார்ப்பது எவ்வளவு? ஒரு சதுரப் பெட்டிக்குள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாற்புறமும் நான்கு சுவர். மேலே கூரை, கீழே தரை. கண்ணாடிக்குள் நமக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரு சுவரளவே. ஆறில் ஒரு பங்கு! மற்ற ஐந்து பங்கும் இணையத்தின் வழியே சிரமப்பட்டு வந்து, யாரும் பாராமலே வீணாகின்றன. தாத்தா கடலில் மூழ்கும்போது கடல் முழுவதையுமா துழாவினார்? கண்ணெதிரே உள்ள மணலைத்தானே!

அனுப்பும் முறையிலும் வீண் உண்டு. உருண்டையான காட்சியைத் தட்டையான சட்டத்துக்குள் அனுப்ப, உலக உருண்டையைச் சுவர்ப் படமாக விரிப்பதைப் போலவே விரிக்கிறார்கள். அப்படி விரிக்கும்போது, உருண்டையின் உச்சியில் உள்ள ஒரே ஒரு புள்ளி, படத்தின் மேல் விளிம்பு முழுவதும் நீண்ட கோடாக இழுபட்டுவிடுகிறது. அடியிலும் அப்படியே. ஆகவே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் தேவைக்கு மிஞ்சிய புள்ளிகள் செலவாகின்றன. 2016-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தார் உருண்டையை மேலே சொன்ன பெட்டியின் ஆறு முகங்களாக மாற்றி அனுப்பினார்கள். கோப்பின் அளவில் 25 விழுக்காடு மிச்சமாயிற்று என்று அறிவித்தார்கள். அதிலும் ஒவ்வொரு முகத்தின் மூலைகளில் புள்ளிகள் நெருங்கியும் நடுவில் கலைந்தும் இருப்பதைக் கண்டு, 2017-இல் கூகுள் நிறுவனத்தார் அதையும் சமன் செய்தார்கள்.

இதற்கு மேலும் போகலாம். காட்சியைச் சதுரச் சதுரக் கட்டங்களாக நறுக்கி, நாம் பார்க்கும் பக்கத்துக் கட்டங்களை மட்டும் உயர்ந்த தரத்தில் அனுப்பலாம். இதற்கான விதிமுறைகளைப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 2019-இல் ‘ஓமாஃப்’ என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இதில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. இக்கட்டுரை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஆகவே வரும் நாளில் அண்டா, குடம், வாளி என்று எல்லாவற்றிலும் ஆச்சி பிடித்து வைத்துவிடுவார்கள். இணையக் காட்சியும் அப்படித்தான். வரும் வேகம் ஏறி இறங்குமாதலால், அடுத்த சில விநாடிகளுக்கான காட்சியை முன்னதாகவே வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. சேமிப்பு தீர்ந்தால் நடுவே அந்தச் சுழலும் வளையம் வந்து நிற்கும். ஆகவே எவ்வளவு அதிகம் சேமிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஆனால் தலை திரும்பும் காட்சியில் எதைச் சேமிப்பது? இன்னும் பத்து விநாடியில் தாத்தா எந்தப் பக்கம் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த ஒரு விநாடிக்குள் தலை எங்கே போகும் என்பதை, அது இப்பொழுது திரும்பும் வேகத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். நேரம் கூடக் கூட ஊகம் பொய்த்துப் போகும். பொய்த்தால், சேமித்த நல்ல தண்ணீர் ஒரு மூலையில். தாகம் மற்றொரு மூலையில்! அதிகம் சேமித்தால் தவறான பக்கத்தைச் சேமிப்போம். குறைவாகச் சேமித்தால் காட்சி நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே என்ன செய்வது?

ஆய்வாளர்கள் கண்ட வழி இது. காட்சி முழுவதையும், ஆறு பக்கங்களையும், குறைந்த தரத்தில் பல விநாடிகளுக்கு முன்பே அனுப்பிச் சேமித்துவிடுவது. அதற்கு மிகுந்த இடம் வேண்டாம். அதன் மேல், பார்க்கும் பக்கத்துக்கான தெளிந்த கட்டங்களைக் கடைசி நேரத்தில், ஓரிரு விநாடிக்கு முன்பு மட்டும் வரவழைப்பது. புழங்கும் தண்ணீரைத் தொட்டியிலும் குடிதண்ணீரைச் சிறு குடத்திலும் வைப்பதைப் போல. சட்டென்று திரும்பினால் ஒரு கணம் கலங்கலாகத் தெரியும், பிறகு தெளியும். இருட்டு மட்டும் வராது. இது மிகவும் முக்கியம். ஏனெனில் தலை திரும்பியதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் ஆனால் பலருக்குத் தலை சுற்றும். அவ்வளவு விரைவாக இணையத்திலிருந்து எதையும் எப்போதும் வரவழைத்துவிட முடியாது. கையிருப்பில் ஏதேனும் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஊகத்தைத் திருத்த மற்றொரு வழியும் உண்டு. முன்பு அதே காட்சியைப் பார்த்தவர்கள் எங்கெங்கே பார்த்தார்கள் என்று குறித்து வைத்து, அந்த இடங்களுக்கு அதிகத் தரம் கொடுப்பது. பெரும்பாலோர் நேர் எதிரே, கண்மட்டத்தில்தான் பார்க்கிறார்களாம். எனக்கு இதில் ஒரு மனக்குறை. கடல் காட்சியில் மற்றவர்கள் மீன் கூட்டத்தைப் பார்ப்பார்கள். சங்கு குளித்தவரோ குனிந்து தரையைத்தான் பார்ப்பார்! சங்கு மணலில் பாதி புதைந்திருக்கும். அது ஊர்ந்த தடத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று தாத்தா சொல்வார். ஊரார் பார்க்கும் இடத்தைத் தெளிவாக்கினால் தாத்தாவின் மணல் கலங்கலாகவே கிடக்கும். ஆகவே பார்ப்பவர் ஒவ்வொருவரின் தலையையும் பின்தொடரும் முறையே மேல் என்பது என் கருத்து.

தலையை மட்டுமன்று, கண்ணையே பின்தொடரும் கருவிகளும் வந்துவிட்டன. சகோதரி கற்றுத் தந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, நகத்தை உற்று நோக்குங்கள். பார்வையை அசைக்காமல், பக்கத்தில் உள்ள புத்தகத்தின் எழுத்துகளைப் படிக்க முடிகிறதா? முடியாது! நம் கண் மிகக் கூர்மையாகக் காண்பது அந்த நகத்தளவு, அதாவது ஏறக்குறைய இரண்டு பாகை மட்டுமே. 2023-இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2, 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ ஆகியவை கருவிழி நோக்கும் இடத்தை அறிந்து, அங்கே மட்டும் படத்தை முழுத் தெளிவோடு வரைகின்றன. விலையைக் கேட்டால்தான் நமக்குக் கண் கலங்கும்! சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறைக்கெனவே ‘எக்ஸ்டிக்’ என்ற ஆய்வு மையம் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பெட்டி அந்த வகையைச் சேர்ந்ததன்று. 2023-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டைச் சுற்றிலும் பார்ப்பதற்கென்று ஜியோ நிறுவனத்தார் 1,299 ரூபாய்க்கு ‘ஜியோ டைவ்’ என்று ஒன்றை விற்றார்களே, அது போன்ற எளிய சாதனம். மாமாவின் கைப்பேசித் திரையில் நீளவாட்டில் 2400 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் பிரித்தால் ஆளுக்கு 1200. அது ஏறத்தாழ நூறு பாகைக்குப் பரவினால் பாகைக்குப் பன்னிரண்டு. ஆகவே ஃபோர் கே-க்கு மேல் எதைக் கொடுத்தாலும் எங்கள் பெட்டியில் பெரிதாகப் பயனில்லை. அப்படியானால் அன்று தாத்தா கண்டது அந்தப் பதினொன்று தானா? அமைப்புப் பகுதியைத் திறந்து பார்த்தேன். 720 என்றிருந்தது! இணையம் மந்தமாக இருந்ததால் அதுவாகவே தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. குறுக்கே 1280 புள்ளி. பாகைக்கு நான்கு கூட இல்லை. பாவம் தாத்தா!

கடல் காட்சிக்கென்றே உள்ள ஓர் இடைஞ்சலும் இருக்கிறது. காட்சியைச் சுருக்கி அனுப்பும்போது, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியதை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அசையாத சுவரென்றால் செலவில்லை. கடலடியிலோ வெயில் நெளிகிறது, பாசி ஆடுகிறது, தூசி மிதக்கிறது, மாறாதது எதுவுமில்லை. தண்ணீர் சிறிது கலங்கியிருந்தால் கூட அந்தத் தூசிகளுக்கே பெரும்பங்கு செலவாகி, மீனும் பாறையும் குழம்பிவிடும்.

இவ்வளவும் அறிந்த பின், மாமா ஒன்று செய்தார். பதிவிறக்கம் செய்யலாம் என்று அனுமதி கொடுத்திருந்த வேறொரு பவளப்பாறைக் காட்சியைத் தேடி, ஃபோர் கே தரத்தில், இரவெல்லாம் இறக்கிக் கைப்பேசியிலேயே சேமித்துவிட்டார். மறுநாள் காலையில் தாத்தாவின் தலையில் மாட்டினோம். நான் எதிர்பார்த்தபடியே அவர் முதலில் குனிந்து தரையைப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. ஆச்சி தோளைத் தொட்டு, “என்ன, தெளிஞ்சிருக்கா?” என்று கேட்டார்கள்.

“தண்ணி தெளிவாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம கடலு இல்ல” என்றார் தாத்தா.

இப்பொழுது மாமா, சுற்றிலும் படம் பிடிக்கும் சிறு கேமரா ஒன்றை நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறார். கடல் தெளிந்திருக்கும் நாள் எது என்பதைத் தாத்தாதான் காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேமராவை ஆள் உயரத்தில் வைக்காமல், மணலிலிருந்து ஒரு முழம் மேலே வைக்க வேண்டும் என்று இப்பொழுதே உத்தரவு போட்டாகிவிட்டது.