பழம்புடவையும் பச்சிளங்குழந்தையும்

பிறந்த குழந்தையின் மேனியில் முதன்முதற் படுவது புதுத்துணி அன்று; பழந்துணியே. சாதி சமய வேறுபாடின்றித் தமிழகத்துப் பல வீடுகளிலும் இவ்வழக்கம் நிலவி வந்துள்ளது. மகள் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்ததும், பெட்டியின் அடியிற் கிடக்கும் நூற்சேலையும் வேட்டியும் வெளியே வரும். வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, சதுரம் சதுரமாகக் கிழித்து, மடித்து அடுக்குவர். தொட்டில் கட்டுவதற்கென ஒரு சேலை தனியே எடுத்து வைக்கப்படும்.

இது வறுமையால் விளைந்த வழக்கம் என எண்ணுவாருளர். அவ்வெண்ணம் பொருந்தாது. பட்டும் பொன்னும் நிறைந்த செல்வர் மனைகளிலும் இதுவே நடைமுறை. புதுத்துணியில் கஞ்சியும் சாயத்தின் எச்சமும் தங்கியிருக்கும்; இழைகள் விறைத்து நிற்கும். பல நூறு முறை துவைக்கப்பட்ட நூற்சேலையோ கஞ்சி நீங்கி, இழை தளர்ந்து, ஈரத்தை விரைந்து உறிஞ்சும். பச்சிளம் மேனிக்கு எது ஏற்றது என்பதைக் கண்டறிந்த பட்டறிவே இவ்வழக்கத்தின் வேர்.

எனினும் பழந்துணி தானாகவே பரிசாகிவிடுவதில்லை. ஆய்ந்தெடுக்கும் கண்ணும், அளந்து வெட்டித் தைக்கும் கையும் சேர்ந்த பின்னரே அது பரிசாகின்றது. அவ்வுழைப்பு இல்லையேல் அது நம் வீட்டுக் குப்பையாகவே நிற்கும். இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

‘தை’ என்னும் வினையடிக்கு ஊசியால் இணைத்தல், ஊடுருவுதல், கோத்தல், அணிசெய்தல் எனப் பல பொருள்கள் உண்டு. ‘தையல்’ என்பது தைக்கும் தொழிலையும் குறிக்கும். அழகையும் பெண்ணையும் குறிக்கும். பிரிந்து கிடப்பவற்றை இணைப்பதும் அழகுபடுத்துவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் எண்ணத்தக்கது. ‘கந்தை’ என்னும் சொல்லை வடமொழியின் ‘கந்தா’ என்பதனோடு தொடர்புபடுத்துவர். வங்காளத்தில் பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்குக் ‘காந்தா’ என்னும் பெயர் அச்சொல்லின் வழியே வந்ததாகச் சொல்லப்படுகின்றது. நம்மிடம் இகழ்ச்சிச் சொல்லாக நின்றுவிட்டது, வங்கத்தில் ஒரு கலையின் பெயராயிற்று. இடையில் நிகழ்ந்தது தையல்.

நினைவில் நின்ற பாவாடை

நான் ஆறாம் வகுப்பிற் படித்த காலம். ஒரு பெருநாளுக்கு என் உம்மா தம்முடைய ஆகாய நீலப் பட்டுச்சேலையை வெட்டி எனக்குப் பாவாடையும் சட்டையும் தைத்துக் கொடுத்தார். நான் மகிழ்ந்து உடுத்திச் சென்றேன். தெருவில் உடன் விளையாடும் தோழி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில், “இது உங்க உம்மா சேலைதானே?” என்று கேட்டாள். வேறொன்றும் சொன்னாளில்லை. ஆயினும் அன்று பகலுக்குள் அப்பாவாடையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டேன்.

உம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பாவாடையை எடுத்து உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி என் மடியில் இட்டார். “அவ வெளியத்தான் பாத்தா. நீ உள்ளப் பாரு” என்றார். உள்ளே ஒரு பிசிறும் இல்லை. பொருத்து வாய் ஒவ்வொன்றும் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. சரிகை என் மேனியில் உரசாதபடி அதன் பின்னே வாப்பாவின் பழைய வேட்டித் துணி உள்துணியாக வைக்கப்பட்டிருந்தது. கீழ்ப்பகுதியில் மூன்று டக்குகள் பிடிக்கப்பட்டிருந்தன. நான் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். மூன்று ஆண்டுகளுக்கான என் வளர்ச்சியை அவர் முன்னரே கணக்கிட்டு வைத்திருந்தார். அன்று எனக்கு அது முழுவதும் விளங்கியது என்று கூற இயலாது. என் மகளுக்கு முதல் ஜப்லாவைத் தைக்க அமர்ந்த நாளில்தான் விளங்கிற்று.

வங்கமும் வடகன்னடமும்

இக்கலை நமக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துச் சிற்றூர்ப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத்தையலால் இணைத்துக் காந்தா செய்தனர். சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலே பூவேலைக்குப் பயன்பட்டது. குழந்தையைப் போர்த்தவும், நூல்களைச் சுற்றி வைக்கவும், கண்ணாடிக்கு உறையாகவும் வெவ்வேறு வடிவங்களில் அவற்றைத் தைத்தனர். வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடலில், கணவனைப் பிரிந்த சிற்றூர்ப் பெண் தன் வாழ்க்கைக் கதை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கின்றாள். பழந்துணி ஓர் இலக்கியத்தின் நடுப்பொருளான வரலாறு இது.

நமக்கு இன்னும் அண்மையில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப்பகுதிகளில் சித்தி இனத்தார் வாழ்கின்றனர். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான இம்மக்களுள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் உளர். இவர்தம் பெண்கள் பழந்துணித் துண்டுகளால் ‘கவந்தி’ எனப்படும் போர்வையைத் தைக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவிடம் நோக்கித் தைத்துச் செல்வது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் ‘பூ’ என வைப்பர். பூ இல்லாத போர்வை ஆடையின்றி நிற்பதாக அவர்கள் கூறுவர். குளிரைத் தடுக்க அப்பூ வேண்டுவதில்லை; ஆயினும் அஃதின்றிப் போர்வை முற்றுப்பெறாது. கொடுப்பவரின் அக்கறைக்கு அடையாளமாக நிற்பது அந்தச் சிறு முக்கோணமே.

துணியைத் தேர்தல்

இனித் தொழில் முறையைக் காண்போம். முதலிற் செய்ய வேண்டுவது துணியை ஒளிக்கு எதிரே விரித்துப் பார்த்தல். நைந்த இடங்கள் வெளிச்சத்தில் வலைபோலத் தெரியும். சேலையில் இடுப்புப் பகுதியும் தரையில் உரசும் கீழ்விளிம்பும் முதலில் நையும். முந்தானையும் உட்கட்டுப் பகுதியும் நெடுநாள் உறுதியாயிருக்கும். பின்னர்த் துணியைப் பாவின் வழியும் ஊடையின் வழியும் இழுத்துப் பார்த்தல் வேண்டும். மெல்லிய இழுப்புக்கே ‘சர்’ரென்னும் துணி ஆடைக்கு ஆகாது. ஒரே மடிப்பில் பல்லாண்டு பெட்டியிற் கிடந்த பட்டு, மடிப்பின் வழியே கீறும்; அக்கோட்டைத் தவிர்த்தே வெட்ட வேண்டும்.

துணியின் இனத்தை அறிதல் அடுத்தது. ஓரிழையை உருவித் தீயிற் காட்டினால் உண்மை புலப்படும். பருத்தி, தாள் எரியும் மணத்தோடு எரிந்து மென்சாம்பலாகும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். இம்மூன்றாவது துணி வியர்வையை உறிஞ்சாது. தீப்பட்டால் உருகி மேனியில் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் குழந்தையாடைக்கு இது விலக்கத்தக்கது. பைக்கும் பொம்மையின் மேலாடைக்கும் பயன்படுத்தலாம்.

நம் வீடுகளில் மிகுதியாகக் கிடைக்கும் கைலி இத்தொழிலுக்கு மிக ஏற்றது. நூலுக்குச் சாயமேற்றி நெய்யப்படும் கட்டமிட்ட கைலியின் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். கட்டங்களின் கோடே அளவுகோலாக உதவும். புதிதாகக் கற்பவரும் கோணாமல் வெட்டலாம்.

வெட்டுதலும் தைத்தலும்

பிறந்த குழந்தையின் மார்புச் சுற்று ஏறத்தாழ 13 அங்குலம். சில மாதங்களில் 16 அங்குலமாகும். ஆதலின் ஜப்லாவின் சுற்றளவு 20 அங்குலமும் நீளம் 12 அங்குலமும் இருப்பின் காற்றோட்டத்திற்கும் வளர்ச்சிக்கும் இடம் கிடைக்கும். நைந்த பகுதிகளைக் கழித்த பின்னும், ஒரு நல்ல கைலியில் நான்கு ஜப்லாக்கள் வரும். தலைவழி நுழைப்பதினும் முன்புறமோ பின்புறமோ திறந்து நாடாவால் முடிவதே பச்சிளங்குழந்தைக்கு எளிது. நாடா குட்டையாக இருத்தல் இன்றியமையாதது. நீண்ட நாடா கழுத்தைச் சுற்றும். பொத்தான், பாசிமணி, சமிக்கி ஆகியவற்றைக் குழந்தை பிய்த்து வாயிலிடும். அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

பழந்துணிக்கு மெல்லிய ஊசியே பொருந்தும். இயந்திரமாயின் 11-ஆம் எண் ஊசி போதும். தையலை மிக நெருக்கமாக இட்டால் ஊசித்துளைகளே கிழிசலுக்கு வழிகோலும். பருத்தி நூலைப் பயன்படுத்துவது நலம். துணியினும் நூல் வலிமை மிக்கதாயின் கிழிவது துணியே. பச்சிளங்குழந்தையின் ஆடையில் தையல் வாய் மேனியை உறுத்தாதபடி வெளிப்புறமாக அமைத்து, மடித்து அடித்துவிடலாம். பெரிய பிள்ளைகளின் பாவாடைக்கு, முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையலிட்டு, பிசிறு நறுக்கி, திருப்பி மீண்டும் தைத்தால் பிசிறு உள்ளே ஒடுங்கிவிடும்.

எஞ்சும் துண்டுகளும் வீணாக வேண்டுவதில்லை. மதரசாவுக்குச் செல்லும் சிறார்க்குத் திருக்குர்ஆன் உறையும், பள்ளிக்குச் செல்வோர்க்கு எழுதுகோற் பையும் தைக்கலாம். கைப்பிடியளவு துண்டுகளைத் திணித்துத் துணிப்பொம்மை செய்யலாம். கண்ணும் வாயும் நூலாலேயே அமைத்தல் நன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என நபிமொழி நூல்கள் குறிப்பிடுகின்றன. ஊசி பிடித்தல் ஆடவர்க்கு இழுக்கு என்று கருதும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

ஈதலும் எறிதலும்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியது. அதன்பின் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நாகப்பட்டினம் முதலிய இடங்களுக்குப் பழந்துணிகள் வந்து குவிந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும் அவற்றுள் கலந்திருந்தன. அனைத்தையும் இழந்து நின்ற மீனவ மக்கள் அவற்றை உடுக்க மனம் ஒப்பவில்லை. துணிகள் சாலையோரங்களிற் குவியல் குவியலாகக் கிடந்தன. இதனை நன்றியின்மை என்று சிலர் குறை கூறினர். குறை அவர்களிடத்தில் இல்லை. அனுப்பியவர் பலர் பெட்டியைக் காலி செய்தனரேயன்றி, அதனை உடுக்கப்போகும் குழந்தையை எண்ணிப் பார்த்தாரிலர். தமக்கே கொள்ளத் தகாததை அறமென்று பிறர்க்கு அளிப்பதைத் திருமறையும் ஏற்பதில்லை.

அதே துணி, ஒருவர் அமர்ந்து ஆய்ந்து, துவைத்து, அளவறிந்து தைத்ததாயின் அதன் தகுதி வேறாகும். அதிலே கொடுப்பவரின் நேரம் கலந்திருக்கின்றது. பெறுபவர் தாம் எண்ணப்பட்டதை உணர்கின்றார். உம்மா அன்று பாவாடையைத் திருப்பிக் காட்டியதன் பொருளும் இதுவே.

நிறைவுரை

இன்று ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்டன. சில முறை உடுத்து எறியும் பழக்கமும் வளர்ந்துள்ளது. தையல் இயந்திரங்கள் பல வீடுகளில் உறையிட்டு மூலையில் நிற்கின்றன. அவற்றோடு முதிய தாய்மாரின் கையறிவும் உறங்குகின்றது. அவர்கள் மறைந்தால் அதுவும் உடன் மறையும். மாணவ மாணவியர் தத்தம் இல்லத்து மூத்த பெண்மணி ஒருவரிடம் அமர்ந்து ஓர் ஆடையேனும் தைக்கக் கற்றுக்கொள்வாராக. கற்கும்போது அவர் வழங்கும் தொழிற்சொற்களையும் எழுதி வைத்தால், அது தமிழுக்குச் செய்யும் தொண்டாகவும் அமையும். வெள்ளக் காலங்களில் உதவிக்கென நம் கல்லூரி வாயிலுக்கு வரும் துணி மூட்டைகளை அப்படியே ஏற்றியனுப்பாமல், பிரித்து, ஆய்ந்து, குழந்தைகளுக்கு உரியவற்றைத் தைத்து அனுப்பும் வழக்கத்தையும் நாம் தொடங்கலாம்.

தைத்து முடித்த ஆடையைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பிசிறு இல்லையாயின் அதனை எந்தக் குழந்தைக்கும் தயங்காமல் அணிவிக்கலாம்.