நடுவழியில் ஹெட்லைட் அணைந்தால்

மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட் ஓட்டத்தில் அணைந்துபோனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பல்பைத்தான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மின்சாரம் பல்பை வந்தடையும் வழியில் ஃபியூஸ், சாவி சுவிட்ச், ஹேண்டில்பார் சுவிட்ச், ஒயர், கப்ளர், ஹோல்டர் என்று பல இடங்கள் உண்டு. எதையும் கழற்றுமுன், எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விளக்கு அணைந்த நொடியில் பிரேக்கைச் சட்டென்று அழுத்தக் கூடாது. டிம், பிரைட் சுவிட்சை மாற்றிப் போட்டுப் பார்த்தபடியே வேகத்தைக் குறைத்து, இடது இண்டிகேட்டரைப் போட்டுத் தார்ச்சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்த வேண்டும். பின்விளக்கும் சேர்ந்து அணைந்திருக்கலாம் என்பதால் இதில் அலட்சியம் ஆகாது.

ஹாலஜன் பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள் இருக்கின்றன. நகரத்தில் ஓடும் வண்டிகளில் டிம் இழைதான் அதிகம் எரிகிறது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்வரை ஹெட்லைட் தானாகவே எரிகிறது. பகலிலும் எரிவதால் டிம் இழை முதலில் போவதில் வியப்பில்லை. அப்படியானால் பிரைட்டில் போட்டு வீடு வந்து சேரலாம். எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க, ஹெட்லைட்டின் அடியில் உள்ள ஸ்குரூவைத் திருகி ஒளியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

இரண்டுமே எரியாவிட்டால் பாஸ் சுவிட்சை அழுத்திப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இது டிம் சுவிட்சைத் தாண்டி நேராகப் பிரைட் இழைக்கு மின்சாரம் கொடுக்கிறது. அழுத்தும்போது எரிந்தால் பல்பும் எர்த்தும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் ஹேண்டில்பார் சுவிட்சில் இருக்கும். அப்போதும் எரியாவிட்டால் ஹாரனையும் இண்டிகேட்டரையும் சோதிக்கலாம். அவையும் செத்திருந்தால் மெயின் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வராமல் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேராக வரும். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக வெளிச்சம் கூடினால் அது அந்த ரகம். அதில் ஹாரன் அடிப்பதை வைத்து ஹெட்லைட்டைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது.

ஃபியூஸ் பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ சைடு கவருக்குள்ளோ பேட்டரியை ஒட்டி இருக்கும். செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பிளாஸ்டிக்குக்குள் வளைந்து நிற்கும் உலோகப் பட்டை தெரியும். அது நடுவில் அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது மிக ஆபத்தான பழக்கம்: அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியிலேயே. புது ஃபியூஸும் போட்டவுடன் போனால் எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று பொருள். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வளைந்து நிமிரும் கழுத்துப் பகுதி ஒயர்களை முதலில் பார்க்க வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது வெளிச்சம் மினுக்கினாலும் கோளாறு அங்கேதான்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் பல்பின் ஹோல்டர். கழற்றிப் பார்த்தால் மூன்று பின்களில் ஒன்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும், அல்லது பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். தற்காலிகமாகச் சுரண்டிவிட்டு இறுக்கிச் செருகினால் எரியும். வெளிச்சம் வேண்டி 100 வாட் பல்பு போட்ட வண்டிகளில் இந்த உருகல் சகஜம். 35 வாட் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய வண்டியின் ஒயரும் ஹோல்டரும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

பல்பை மாற்றும்போது சூடு ஆறவிட்டு, கண்ணாடியில் விரல் படாமல் உலோக அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் கூடுதலாகச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைக்கும். புதுப் பல்பும் சில வாரங்களிலேயே போனால் ரெகுலேட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.5 வோல்ட் அளவில் நிற்க வேண்டிய மின்னழுத்தம் அதைத் தாண்டி ஏறினால் பல்புகள் வரிசையாகப் போகும்.

எல்இடி ஹெட்லைட்டில் ஃபியூஸையும் கப்ளரையும் பார்ப்பதைத் தவிர சாலையோரத்தில் செய்ய அதிகமில்லை. அதில் தனியாக மாற்றும் பல்பு பெரும்பாலும் இருக்காது.

சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றிய ஒரு பல்பு, இரண்டு ஃபியூஸ், ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானதைக் கால் மணி நேரத்தில் முடிக்கலாம். எதுவும் பலிக்காத இரவில் செல்போன் டார்ச்சை நம்பி ஓட்ட வேண்டாம். பக்கத்தில் உள்ள பெட்ரோல் பங்கிலோ கடை வாசலிலோ சொல்லிவிட்டு வண்டியை நிறுத்துங்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.