ஒரே தகட்டில் பல வண்ணங்கள்

பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டு ஓவியரைச் சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ அழைத்து, தங்க இடமும் பணிக்கூடமும் உதவித்தொகையும் அளித்து, தன் மாணவர்களோடு கலந்து பழகச் செய்யும் ஏற்பாட்டை உறைவிடக் கலைஞர் திட்டம் என்பர். அவர் பாடமும் நடத்துவாராயின் வருகைதரு பேராசிரியர் எனப்படுவார். இத்தகைய வருகைகள் குறித்த செய்திகளில் நிறைவாக நடைபெறும் கண்காட்சியே பெரிதாக இடம்பெறுகிறது. ஆனால் சென்ற நூற்றாண்டில் இந்தியக் கலைஞர்கள் மேற்கொண்ட பயணங்களை ஆராய்ந்தால், சுவரில் மாட்டப்பட்ட படங்களைவிடப் பட்டறையில் கைமாறிய தொழில்நுட்பமே நெடுங்காலம் நிலைத்தது என்பது புலப்படும்.

இதற்குத் தக்க சான்றாக அமைவது கிருஷ்ணா ரெட்டியின் வாழ்க்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டியுள்ள ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், நந்தனூர் என்னும் சிற்றூரில் 1925இல் பிறந்த அவர், 1940களின் முற்பகுதியில் சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். தாகூர் 1921இல் அங்கு நிறுவிய விசுவபாரதி, அயல்நாட்டுக் கலைஞர்களை விருந்தினராக ஏற்பதை வழக்கமாகவே கொண்டிருந்தது. சீன ஓவியர் சூ பெய்ஹோங் 1939இல் அங்கு வருகைதரு பேராசிரியராக வந்து, மறு ஆண்டு அங்கு வந்த காந்தியடிகளை நேரில் பார்த்து வரைந்தும் இருந்தார். அந்தச் சூழலில் உருவான கிருஷ்ணா ரெட்டி, 1947 முதல் சில ஆண்டுகள் சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியத் துறைக்குத் தலைமை ஏற்று, பின்னர் லண்டன் ஸ்லேடு கலைப்பள்ளியில் சிற்பி ஹென்றி மூரிடம் பயின்று, அங்கிருந்து பாரிஸை அடைந்தார்.

பாரிஸில் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927இல் தொடங்கிய ‘அட்டெலியே 17’ என்னும் பதிப்போவியப் பட்டறையில் பல நாட்டுக் கலைஞர்கள் அருகருகே நின்று வேலை செய்தனர். உலோகத் தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ உருவத்தை அமைத்து, மை பூசி, தாளில் அழுத்திப் பல படிகள் எடுக்கும் கலையே பதிப்போவியம். பல வண்ணங்கள் வேண்டுமெனில் வண்ணத்துக்கொரு தகடு செய்து, அத்தனையையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடுவதே அதுவரை பெரும்பாலும் கையாளப்பட்ட முறை. இடம் சற்றுப் பிசகினாலும் படம் கெட்டுவிடும்.

கிருஷ்ணா ரெட்டியும் பம்பாயிலிருந்து சென்ற கைக்கோ மோத்தியும் அப்பட்டறையில் உருவாக்கிய முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. தகட்டை ஒரே மட்டமாக விடாமல் மேடும் பள்ளமுமாகச் செதுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகக் கலந்த இளகிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால், அது மேட்டுப் பகுதிகளில் மட்டுமே படியும். அதன்பின் எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற உருளையால் அழுத்தி உருட்டினால், அவ்வுருளை வளைந்து பள்ளங்களையும் தொடும். மேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணெய்ப் பசை இரண்டாம் மையை ஏற்காமல் தள்ளிவிடும். இவ்வாறு மைகளின் பாகுநிலை வேறுபாட்டால் வண்ணங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் ஒரே தகட்டில் நிற்க, தகட்டை எந்திரத்தில் ஒரு முறை செலுத்தினாலே பல வண்ணப் படம் கிடைத்துவிடுகிறது. 1963இல் கிருஷ்ணா ரெட்டி படைத்த ‘நீர்ச்சுழி’ என்னும் படத்தில், சிற்பம் பயின்ற கையின் ஆழமான செதுக்கலும் இந்த வண்ண அடுக்கும் ஒன்றுசேர்ந்திருப்பதைக் காணலாம்.

இந்த அறிவைச் சுமந்துகொண்டே அவர் 1960களில் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்திற்கு வருகைதரு பேராசிரியராகச் சென்றார். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பதிப்போவியப் பிரிவை வழிநடத்தும் பொறுப்பை ஏற்று, அந்நகரிலேயே நிலைத்து, 2018இல் காலமானார். இந்தியச் சிற்றூரில் பிறந்தவர், ஆங்கிலேயர் ஒருவர் பிரான்சில் நடத்திய பட்டறையில் கண்டறிந்த முறையை அமெரிக்க மாணவர்கள் கற்றனர் என்றால், அதை எந்த ஒரு நாட்டின் பாணி என்றும் முத்திரை குத்த இயலாது. மாணவர் எண்ணெய் அளவையும் உருளை அழுத்தத்தையும் கற்றுக்கொண்டு, தமக்குரிய உருவத்தைத் தாமே தகட்டில் செதுக்கினார்.

கற்பிக்க அன்றிக் கற்கச் சென்று திரும்பிய பயணத்திற்கு, தேவகோட்டையில் 1957இல் பிறந்து சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற ஆர்.எம். பழனியப்பன் எடுத்துக்காட்டு. அவர் 1991இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாமரிண்ட் நிறுவனத்தில் உயர்நிலைக் கல்லச்சு பயின்றார். எண்ணெயும் நீரும் கலவா என்பதே கல்லச்சின் அடிப்படை: சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள கோலால் வரைந்து நீரால் நனைத்தால், கோடுகள் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். டாமரிண்டில் ஓவியரும் தேர்ந்த அச்சாளரும் இணைந்தே படத்தை உருவாக்குவர். அச்சாளரின் தனி முத்திரையும் தாளில் அழுத்தப்படும். கைவினைஞரின் பங்கை வெளிப்படையாக ஏற்கும் இப்பட்டறையில் தேர்ந்து திரும்பிய பழனியப்பன், பிற்காலத்தில் லலித் கலா அகாதமியின் சென்னை மண்டல மையச் செயலாளராகவும் பணியாற்றினார். பறத்தலையும் வெளியையும் கணிதக் கோடுகளையும் நாடும் அவருடைய கலை, அமெரிக்கப் பாணியின் நகலாகிவிடவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி வட்டாரத்தாருக்கு, நுட்பத்தை மட்டும் பெற்றுத் தமதாக்கிக்கொள்ளும் இந்நடைமுறை அயலானது அன்று. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின்கீழ் தளியில் அமைந்துள்ள கொய்மலர் மகத்துவ மையத்தில் பசுமைக்குடில், சொட்டுநீர்ப் பாசனம் ஆகியவை செய்து காட்டப்படுகின்றன. உழவர் நுட்பத்தைப் பெற்று, தம் மண்ணுக்கும் சந்தைக்கும் ஏற்ப அதைப் பயன்படுத்திக்கொள்கிறார். கலையிலும் அதே ஒழுங்கே செல்லும். எனவே வெளிநாட்டு ஓவியரை அழைக்கும் கல்வி நிறுவனம், திறப்பு விழாவுக்கு முன்னதாக ஓர் அச்செந்திரத்தையும், அதை இயக்கிப் பழகிய உள்ளூர் ஆளையும், ஒரு பருவமாவது நீளும் கால அளவையும் உறுதிசெய்ய வேண்டும். உருளை, தகடு, அழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் கையாளும் தொழிலாளர்கள் நிறைந்த ஓசூர்ப் பகுதியில் அத்தகைய ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருந்தினர் ஊர் திரும்பிய பின்னரும் மாணவர்கள் அந்த எந்திரத்தைத் தாமாகவே இயக்கிவருகிறார்களா என்பதைக் கொண்டே அவ்வருகையின் பயனை மதிப்பிட வேண்டும்.