கைலி: எங்கே கட்டலாம், எங்கே மாற்றலாம்?



சென்னை கோபாலபுரம் நான்காவது தெருவில், தமிழகத்தின் முதலமைச்சராக ஐந்து முறை பொறுப்பேற்ற கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் இல்லம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அவர் மறையும்வரை அந்தத் தெருவுக்கு வந்துபோன அமைச்சர்களும் தொண்டர்களும் பெரும்பாலும் வெள்ளை வேட்டியில்தான் வந்தார்கள். வேட்டி கட்டி வந்தவரை எவரும் குறைவாக நினைத்ததில்லை. அங்கிருந்து சற்று நடந்தால் இராயப்பேட்டை வந்துவிடும். அங்கே நம்மவர்கள் காலை வேளையில் கைலியுடன் தேநீர்க் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் போய் வருவதைக் காணலாம். இரண்டுமே இடுப்பில் சுற்றிக் கட்டும் துணிதான். வெள்ளையாக, கரையோடு இருந்தால் வேட்டி. கட்டமோ கோடோ போட்டு, இரு முனைகளையும் மூட்டித் தைத்திருந்தால் கைலி. ஆயினும் ஒன்று மேடை ஏறுகிறது, மற்றொன்று வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வெறும் துணியைப் பற்றியது அன்று. நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியது. "அத்தா, கைலியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடாதீர்கள்" என்று ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னால், அந்தத் தந்தை என்ன செய்ய வேண்டும்? கோபப்படுவதா, வெட்கப்படுவதா, உடை மாற்றிக்கொண்டு போவதா? இதைப் பற்றித்தான் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

வேட்டிக்கே வந்த சோதனை

கைலிக்கு மட்டுமே இந்த நிலை என்று எண்ணிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. வேட்டி உடுத்தி வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் அவர்களை, மன்றத்தின் உடை விதியைக் காட்டி உள்ளே விடவில்லை. அவ்வாறே வேட்டியில் வந்த வழக்கறிஞர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர். வெள்ளைக்காரன் போய் 67 ஆண்டுகள் ஆன பின்பும் தமிழ்நாட்டின் தலைநகரில் வேட்டிக்கு இடமில்லையா என்று நாடே கேட்டது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் கண்டித்தனர். அடுத்த மாதமே, பொது இடங்களில் உடையைக் காரணம் காட்டி நுழைவை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்த மன்றத்தின் உரிமமும் பறிபோகலாம்.

அந்தச் சட்டம் வேட்டியைப் பெயர் சொல்லிக் காத்தது. ஏனையவற்றைப் பிற இந்திய மரபு உடைகள் என்ற பொதுச் சொல்லில் அடக்கியது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. கதவைத் திறந்துவிடச் சட்டத்தால் முடியும். இன்ன இடத்துக்கு இன்ன உடை தகும் என்ற நிதானத்தை மனிதன்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஒரே துணி, பல மரியாதை

நம் கைலியின் பிறப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு என்றொரு கடற்கரை ஊர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டித் துணி வணிகம் நடத்தினார்கள். சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகள் அங்கிருந்து கப்பலேறிக் கீழை நாடுகளுக்குச் சென்றன. இன்றும் மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை 'காயின் பெலிக்காட்' என்றுதான் அழைக்கிறார்கள். பழவேற்காடு என்ற ஊர்ப் பெயரே அது. நாம் 'பளையகாட் கைலி' என்று சொல்வதும் அதே பெயரைத்தான். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் தறியில் உட்கார்ந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தத் துணியால் பிழைத்திருக்கின்றன.

இந்தோனேசியாவில் சாரோங்கும் தொப்பியுமாக ஜும்ஆவுக்குச் செல்வது கண்ணியமான வழக்கம். மலேசியாவில் அதை வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்துகிறார்கள். பெருநாளன்று நீண்ட சட்டைக்கும் கால்சட்டைக்கும் மேலே, இடுப்பில் வேறொரு பட்டுத் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். பர்மாவில் லோஞ்சி என்ற பெயரில் அலுவலருக்கும் ஆசிரியருக்கும் அதுவே அன்றாட உடை. இலங்கையில் வெள்ளைச் சாரம் உடுத்திய தலைவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் 'கில்ட்' என்ற கட்டம் போட்ட கம்பளி ஆடையை இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடுத்துவார்கள். ஒரு கிளர்ச்சிக்குப் பின் 1746ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. தடை நீங்க 36 ஆண்டுகள் ஆயின. தடுக்கப்பட்ட அந்த உடையைத்தான் இன்று ஸ்காட்லாந்து மாப்பிள்ளைகள் திருமண நாளில் பெருமையோடு உடுத்துகிறார்கள். அவர்களும் எல்லா நாளும் அதை உடுத்துவதில்லை. வேலைக்குக் கால்சட்டை, விழாவுக்குக் கில்ட் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமோ அதற்கு நேர்மாறாக, கைலியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு வெளியே வேறு உடை தேடுகிறோம்.

இவற்றிலிருந்து விளங்குவது என்ன? துணியில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. ஊர் வழக்கமும் உடுத்தும் முறையும்தான் மரியாதையைத் தருகின்றன, எடுக்கின்றன.

மார்க்கம் காட்டும் வழி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இடுப்பில் 'இஸார்' என்னும் சுற்றுத்துணி உடுத்தியவர்கள். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண், அவர் செல்வந்தரானாலும் கூலித் தொழிலாளியானாலும், தைக்காத இரண்டு துணிகளோடுதான் இஹ்ராம் கட்டுகிறார். அவற்றில் ஒன்று இடுப்பில் சுற்றுவது. கடைசிப் பயணத்திற்கான கஃபன் துணியிலும் இஸார் உண்டு. ஆகவே சுற்றிக் கட்டும் உடையைக் கண்டு ஒரு முஸ்லிம் கூச்சப்படக் காரணமே இல்லை.

அதே மார்க்கம் வரம்பையும் வகுத்திருக்கிறது. ஆணுக்குத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி மறைய வேண்டும். பெருமைக்காக ஆடையைக் கரண்டைக்குக் கீழே இழுத்துச் செல்வது கூடாது. ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் இருப்பதில் நல்ல ஆடையை உடுத்துவது சுன்னத்து. தொழுமிடத்துக்கு அலங்காரத்தோடு செல்ல வேண்டும் என்பதைத் திருக்குர்ஆனின் 'அல் அஃராஃப்' அத்தியாயம் கற்பிக்கிறது. இரவு முழுதும் உடுத்திப் படுத்துக் கசங்கிய கைலியோடு பஜ்ருக்கு ஓடும் நம் வழக்கத்தை இந்த இடத்தில் நாமே எடைபோட்டுக் கொள்ள வேண்டும். அலுவலக அதிகாரியின் முன் உடுத்த மாட்டோம் என்று ஒதுக்கும் துணியை அல்லாஹ்வின் முன் நிற்க உடுத்தலாமா? துவைத்து மடித்த ஒரு கைலியைத் தொழுகைக்கென்றே தனியாக வைத்தால் இந்தக் குறை நீங்கும்.

எப்போது, எங்கே?

வீட்டிலும், தெருவிலும், அக்கம் பக்கத்துக் கடைக்கும் கைலி தாராளமாகப் போதும். வெயில் காலத்தில் அதைவிட இதமான உடை வேறில்லை. நோயாளிக்கும், அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும், சுன்னத் செய்யப்பட்ட சிறுவனுக்கும் அதுதான் வசதி. சுத்தமான, கனத்த துணியாக இருந்து, முழுச் சட்டையும் அணிந்தால் பள்ளிவாசலுக்கும், உறவினர் வீட்டுக்கும், மய்யித்து வீட்டுக்கும் அது பொருத்தமே.

மாற்ற வேண்டிய இடங்களும் உண்டு. இரு சக்கர வாகனத்தில் காற்றுக்குப் பறக்கும் கைலி சக்கரத்திலும் சங்கிலியிலும் சிக்கக்கூடும். காலும் தொடையும் தெரியும் என்பது வேறு. சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி உயிருக்கே ஆபத்து. செயற்கை இழை கலந்த கைலியோடு அடுப்பருகே நிற்காதீர்கள். தீப்பற்றினால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அலுவலகம், நீதிமன்றம், வங்கி, பிள்ளையின் பள்ளி, பெண் பார்க்கச் செல்லும் வீடு ஆகியவற்றுக்கு அந்தந்த இடத்தின் வழக்கத்தை மதித்து உடுத்துங்கள். அது கால்சட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளை வேட்டியும் சட்டையும் எங்கும் எடுபடும்.

இன்னொரு நல்ல பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. கைலியை மடித்துக் கட்டி வேலை செய்துகொண்டிருப்பார்கள். பெரியவர்களோ அந்நியப் பெண்களோ எதிரே வந்தால் உடனே இறக்கி விடுவார்கள். அந்த ஒரு கணத்துச் செயலில் எவ்வளவு அடக்கம் இருந்தது! இன்றைய இளைஞர்களிடம் கைலி இருக்கிறது. இறக்கி விடும் பழக்கம்தான் குறைந்து வருகிறது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பள்ளிக்குக் கைலியோடு வர வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், உடை மாற்றிக்கொண்டு போவதில் தவறில்லை. ஆசிரியரைச் சந்திக்கப் போகிறோம், அதற்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் திரும்பி வந்தபின் பிள்ளையை அருகே அமர்த்திப் பேசுங்கள். பழவேற்காட்டிலிருந்து கடல் கடந்த துணி இது, இஹ்ராம் துணியின் உறவு இது, இதைக் கட்டிக்கொண்டு உழைத்துத்தான் உன் பாட்டனார் குடும்பத்தைக் காத்தார் என்று எடுத்துச் சொல்லுங்கள். தாய்மார்களே, இதில் உங்கள் பங்கும் பெரிது. "இதைக் கட்டிக்கொண்டா வருகிறீர்கள்?" என்று பிள்ளைகள் முன்னே கணவரைக் கேலி செய்யாதீர்கள். இன்ன இடத்துக்கு இது பொருந்தாது என்று தனியாகச் சொன்னால் அவரே கேட்டுக்கொள்வார்.

இடத்துக்காக உடையை மாற்றுவது பண்பு. பிறர் ஏளனத்துக்கு அஞ்சி மாற்றுவது தாழ்வு மனப்பான்மை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எதற்காக மாற்றுகிறோம் என்பது உடுத்துகிறவருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். அந்த நிய்யத்தைச் சரிசெய்து கொண்டால், நம் பிள்ளைகள் கைலியையும் மதிப்பார்கள், அதைக் கட்டிய தந்தையையும் மதிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.