ஒரு பிடி தானியம்தானே என்று கொடுக்கலாமா?

என் மகள் கனடாவில் இருக்கிறாள். பேத்தி ஆசைப்பட்டாள் என்று ஒரு சின்சில்லா வாங்கி வளர்க்கிறார்கள். அணிலுக்கும் முயலுக்கும் நடுவாந்திரமாக, பஞ்சுப் பொதி மாதிரி ஒரு பிராணி. எடை அரை கிலோதான் இருக்கும். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. ரோமத்துக்காக வேட்டையாடியே கிட்டத்தட்ட அழித்துவிட்டார்களாம், படுபாவிகள். 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற என்ஜினீயர் சிலியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன 11 பிராணிகளின் வாரிசுகள்தான் இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை.

மகள் பிரசவம், பேரன் பேத்தி என்று வெளிநாடு போகிற பாட்டிமார்களுக்காகவே இதை எழுதுகிறேன். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! காக்கைக்குச் சாதம், அணிலுக்கு அரிசி என்று போட்டே பழக்கம். என் சம்பந்தி அம்மா அங்கே போயிருந்தபோது, ‘பாவம், வாயில்லா ஜீவன் காய்ந்த புல்லையே தின்னுதே’ என்று தினமும் ஊற வைத்த கொண்டைக்கடலை, அவல், பொட்டுக்கடலை என்று பிரியமாகக் கொடுத்திருக்கிறார். பத்து நாளில் அது மூலையில் குறுகி உட்கார்ந்துவிட்டது. வயிறு கல் மாதிரி உப்பிப் போச்சு. புழுக்கையே இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது.

விஷயம் இதுதான். சின்சில்லாவின் குடல் நார்ச்சத்துக்கென்றே அமைந்தது. புல்லைப் பின்குடலில் புளிக்க வைத்துச் செரிக்கிறது. அங்கே அரிசி, சோளம், பருப்பு என்று மாவுச்சத்து போய்ச் சேர்ந்தால் வாயு கட்டிக்கொள்ளும். நமக்கென்றால் ஒரு ஏப்பம், இல்லாவிட்டால் வாந்தி. அதற்கு வாந்தி எடுக்கவே வராது! இன்னொன்று, அதன் பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். தானியத்தில் வயிறு நிரம்பினால் புல்லைத் தொடாது. பல் நீண்டு வாயைக் குத்தும்.

ஆகவே அரிசி, பொரி, சோளம், பயறு, வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, ரொட்டி, பிஸ்கட், திராட்சை எதுவும் வேண்டாம். சர்க்கரை சேர்க்காத வெறும் ஓட்ஸ் மட்டும், நன்றாக இருக்கிற பெரிய பிராணிக்கு, எப்போதாவது ஒரு சிட்டிகை. திமோத்தி என்ற காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். கூடவே அதற்கென்று விற்கும் குச்சித் தீவனம் கொஞ்சம், நல்ல தண்ணீர். அவ்வளவுதான்.

சம்பந்தி அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “ஆசையா கொடுத்தது வினையாப் போச்சே” என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். பேத்தி கெட்டிக்காரி. ‘புல் வைக்கிற வேலை இனிமே உங்களோடது பாட்டி’ என்று சொல்லிவிட்டாள். திட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஊரில் சின்சில்லாவுக்கு ஆசைப்படாதீர்கள். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். நம் சித்திரை வெயிலை எப்படித் தாங்கும்? ஆனால் முயல் வளர்க்கிற வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் இதே கதைதான். அதற்கும் வாந்தி வராது, பல்லும் வளரும். மிச்சச் சோறு, இட்லி போடாமல் அறுகம்புல் போடுங்கள். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் ஓம வாட்டர், கஷாயம் என்று கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் போய்விடுங்கள்.

– ஒரு வாசகி, திருச்சி